நாயிடம் சொன்ன அறிவிப்பு

யாகோவ் பார்பாவின் வேலியை எடுக்கும் வேலைக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டபோது, ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் மேற்பார்வைக்கான என் சான்றிதழ் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதைச் சுவரில் மாட்டலாமா என்று யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்திருந்தேன். அடுத்த படிப்புக்காக அதே மாலை வகுப்புக்கு இன்னும் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் புறநகரான ஸ்பியர்வுட்டில் பழைய வீடுகளுக்கு நடுவே வேலியாக நிற்பவை பெரும்பாலும் நெளிநெளியான ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள்தான். அடிப்பாகம் மணலில் புதைந்து, ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும். முழுசாக நிற்கும்வரை பெரிய தொந்தரவில்லை, உடைந்தால்தான் வினை; அதன் தூசி நுரையீரலைக் கெடுத்துவிடும். போன குளிர்காலப் புயலில் பார்பாவின் வேலியில் மூன்று தகடுகள் உடைந்து தொங்கின.

பார்பா என்றால் எனக்கு உறவில்லை. கடல் கடந்து இங்கே குடியேறிய எங்கள் டால்மேஷியக் குடும்பங்களில் வயதான ஆண்களைப் பார்பா என்போம், பெண்களைத் தேத்தா என்போம். அவர் அப்பாவின் பழைய சிநேகிதர். அதனால்தான் எங்கள் நிறுவனத்துக்கு வந்தார். எங்கள் முதலாளி டாரிலிடம் ஆஸ்பெஸ்டாஸ் எடுக்க மாநில அரசு கொடுத்த லைசென்ஸ் இருக்கிறது.

பார்பாவுக்கு அவசரம். அவருடைய மகள் டாட்யானாவுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பெயர் லூசியா. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். விருந்தைத் தன் வீட்டுத் தோட்டத்தில் வைக்க வேண்டும் என்பது பார்பாவின் ஆசை. டாட்யானா போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "அப்பா, அந்த உடைஞ்ச வேலி இருக்கிற வரைக்கும் என் பொண்ணு உங்க வாசப்படி மிதிக்க மாட்டா." பிள்ளைக்கு இன்னும் நடக்கவே வராது. ஆனாலும் பார்பாவுக்கு விஷயம் புரிந்தது. வேலி போகாவிட்டால் விருந்து நகரத்தில் ஏதாவது ஓட்டலில் நடக்கும். பேத்தி இதுவரை ஒருமுறைகூட அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

முதலில் அவரே எடுத்துவிடலாம் என்று பார்த்தார். நான் அளவெடுக்கப் போனபோது கையில் கடப்பாரையோடு நின்றார்.

"பத்து சதுர மீட்டர் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம்னு சட்டத்துல இருக்கா, இல்லையா?"

"இருக்கு பார்பா. உங்க வேலி முப்பது வருது."

"பாதி அவளோடது." பக்கத்து வீட்டை நோக்கித் தாடையை ஆட்டினார்.

"பாதின்னாலும் பதினஞ்சு ஆச்சே."

"என் பாதியில பாதி என் பொண்டாட்டிக்கு."

"அவங்க காலமாயிட்டாங்களே பார்பா."

"காலமானா என்ன? பாகம் பிரிக்கலையே."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழரை. கணக்கு சரியாகத்தான் வந்தது. அது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. விதி மொத்த வேலையைத்தான் பார்க்கும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்காது என்று சொல்லிக் கடப்பாரையை வாங்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு முறையாகத்தான் எல்லாம் நடந்தது. வேலை தொடங்க ஐந்து நாளாவது முன்னால் அரசுக்கு அறிவிப்பு போக வேண்டும், போயிற்று. அதில் மேற்பார்வையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை இரண்டு முறை சரிபார்த்து எழுதினேன். அடுத்த விதி, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது. அங்கேதான் வண்டி நின்றது.

அடுத்த வீட்டில் இருப்பவர் மாண்டா தேத்தா. பாதி வேலி அவருடையது என்பதால் அவர் வேண்டாம் என்றால் தொடவே முடியாது. அவரும் பார்பாவும் பேசிக்கொள்வதில்லை. தேத்தாவின் கணவர் செத்த அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்கு, செத்தவர் கையால் செய்த வைனையே ஊற்றிக் கொடுத்தார்கள். யாகோவ் பார்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிச்சுப் போச்சே" என்றார். அது புளித்திருந்தது என்பதை அங்கிருந்த எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதுதான் சிக்கல். பொய்யாக இருந்தால் தேத்தா மன்னித்திருப்பார்.

"ஊருக்கெல்லாம் சொல்றேன், அவகிட்ட மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்றார் பார்பா.

"நீங்க சொல்ல வேண்டாம். நாங்க சொல்றோம்."

நான் போய்க் கதவைத் தட்டினேன். கையில் அட்டையும் பேனாவுமாக நிற்பவர்களுக்குத் தேத்தா கதவைத் திறப்பதில்லையாம். ஜன்னல் திரை அசைந்தது, அவ்வளவுதான். இரண்டாம் முறையும் போனேன். அட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. அப்போதும் திரை மட்டும்தான் அசைந்தது. அறிவிப்புக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. தேத்தாவுக்கு ஆங்கிலம் பேச வரும்; படிக்க வராது.

பார்பாவிடம் நிலவரத்தைச் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஷாரோகிட்டச் சொல்லிடறேன், விடு" என்றார்.

ஷாரோ அவருடைய நாய். இத்தனை வருடமும் அவர்கள் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தேத்தாவின் காதில் விழ வேண்டியதைப் பார்பா வேலியோரம் நின்று நாயிடம் சொல்வார். பதில் அந்தப் பக்கத்திலிருந்து வரும். தேத்தா தன் வெள்ளைக் கோழி பியெலாவிடம் சொல்வார். தண்ணீர் வராத நாள், யார் செத்தார்கள், வெங்காயம் என்ன விலை, எல்லாம் இப்படித்தான் போய் வந்திருக்கிறது. நடுவில் வேலி இருந்ததால் யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இது சட்டப்படி செல்லுமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை கிளெனிஸிடம் கேட்டேன். வகுப்பில் கேள்வி கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் மெதுவாகத்தான் கேட்டேன். அவர் மறுபடி சத்தமாகக் கேட்கச் சொன்னார்.

"விதியில என்ன இருக்கு? படி."

"பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்குத் தெரிவிக்கணும்."

"எப்படித் தெரிவிக்கணும்னு இருக்கா?"

"இல்ல."

"நாய் மூலமாத் தெரிவிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

"இல்ல."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "நாய்க்கு லைசென்ஸ் இருக்கா?" என்றான்.

இருந்தது. நகராட்சி கொடுத்த நாய் உரிம வில்லை அதன் கழுத்தில் தொங்குவதைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். எல்லோரும் ஏன் சிரித்தார்கள் என்று உடனே புரியவில்லை.

"அந்தம்மாவுக்கு விஷயம் புரிஞ்சுதான்னு மட்டும் பார்த்துக்கோ" என்றார் கிளெனிஸ். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் சாட்சியாகப் போய் நின்றேன். பார்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, தொண்டையைச் செருமினார்.

"ஷாரோ, நல்லாக் கேட்டுக்கோ. வியாழக்கிழமை காலைல ஆளுங்க வந்து ஆஸ்பெஸ்டாஸை எடுக்கப்போறாங்க. வெள்ளை உடுப்புப் போட்டிருப்பாங்க. பார்த்துட்டுக் குரைக்காதே."

பிறகு வேலிக்கு அந்தப் பக்கம்: "கேட்டியாடி பியெலா? ஆஸ்பெஸ்டாஸாம். தாராளமா எடுத்துக்கிட்டுப் போகட்டும். நமக்கென்ன வந்தது?"

பார்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனால் விவரம் முழுதாகச் சொல்லவில்லையே என்று எனக்கு உறுத்தியது. நானும் குனிந்தேன். "தண்ணி அடிச்சு நனைச்சுத்தான் எடுப்போம், ஷாரோ. தூசி வராது. அன்னைக்குக் கோழிகளை அடைச்சு வச்சு, ஜன்னலைச் சாத்தி வச்சா நல்லது." ஷாரோ என்னையே பார்த்தது. கோழி விஷயத்தை நாயிடம் சொல்வது முறையா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து, பக்கத்து வீட்டுக்குத் தெரிவிக்கப்பட்டது என்று பதிவு செய்தேன். எந்த முறையில் என்று ஒரு கட்டம் இருந்தது. நேரில் என்று எழுதிவிட்டு, வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் போய்விட்டோம். டாரில், இரண்டு ஆட்கள், நான். மத்தியானத்துக்குமேல் கடல்காற்று எழும்பிவிடும். காற்றில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. எச்சரிக்கைப் பலகை வைத்து, நாடா கட்டினோம். ஷாரோவைத் துணி துவைக்கும் அறையில் போட்டுப் பூட்டச் சொன்னேன். ஆட்கள் வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, முதல் தகட்டில் தண்ணீர் தெளித்தார்கள்.

அந்தப் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. மாண்டா தேத்தா துடைப்பத்தோடு வந்தார்.

"எவன்டா அவன், என் ஸலோனித்துல கை வைக்கிறவன்?"

டாரிலுக்கு எங்கள் மொழி தெரியாது. துடைப்பம் புரிந்தது. "நிறுத்துங்கப்பா" என்றார் ஆட்களிடம். "ஜாஸ்னா, இவங்களுக்குச் சொல்லியாச்சுன்னு எழுதியிருக்கியே?"

"சொல்லியாச்சு டாரில்."

"தேத்தா," என்று நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றே கூப்பிட்டேன், "வியாழக்கிழமை ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கப்போறோம்னு உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும். எடுங்க. யார் வேண்டாம்னா? அவன் கொட்டகையில எங்கே இருக்கோ அங்கே போய் எடுங்க. டிவியில சொல்றாங்களே, ஆளைக் கொல்ற சாமான், அது என்கிட்ட எதுக்கு இருக்கு? இது ஸலோனித். என் புருஷன் நட்டது."

எங்களவர்கள் பூர்வீகமான ஸ்ப்லிட் பக்கத்திலிருந்து கப்பலேறி வரும்போதே கொண்டுவந்த சொல் அது. இந்தத் தகட்டை அங்கே யாரும் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்வதில்லை, ஸலோனித் என்றுதான் சொல்வார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். பிறந்ததிலிருந்து கேட்ட சொல். வகுப்பில் அது வருவதில்லை என்பதால் எனக்கு ஞாபகம் வரவில்லை.

நான் பார்பாவைப் பார்த்தேன். "நீங்களாவது ஸலோனித்னு சொல்லியிருக்கலாமே?"

"கவர்மெண்ட் விஷயம்," என்றார் பார்பா. "கவர்மெண்ட் வார்த்தையைத்தானே சொல்லணும்?"

டாரில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கப்போறது தெரியும். வேலியை எடுக்கப்போறது தெரியாது."

"அப்ப தெரியாதுன்னுதான் அர்த்தம்."

"ஆமா."

"நாளைக்கு மந்துரா ஊருல வேற வேலை. அதுக்கும் அறிவிப்பு போயாச்சு. இதோட தேதியை மாத்தினா மறுபடி அரசுக்கு எழுதி, மறுபடி அஞ்சு நாள். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாது." வானத்தைப் பார்த்தார். "காத்து வர்றதுக்குள்ள முடிவு பண்ணு. மேற்பார்வையாளர் நீதான்."

அவர் அதைக் குத்தலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் தேத்தாவிடம் போய், நாடாவை ஒட்டி நின்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இதுவும் அதுவும் ஒன்றுதான், டிவியில் சொல்வது இதைத்தான் என்றேன். முழுசாக நின்றவரை பயமில்லை, உடைந்ததால்தான் எடுக்கிறோம் என்றேன்.

தேத்தா வேலியைப் பார்த்தார். "இத்தனை வருஷமா இதுலதான் பட்டாணிக் கொடி ஏத்தினேன்."

"பரவாயில்ல தேத்தா. கொடி ஒண்ணும் பண்ணாது."

"பெட்டியில ஒரு காகிதம் கிடந்ததே, அதுலயும் இதைத்தான் எழுதியிருந்தியா?"

"ஆமா."

"நல்ல கெட்டிக் காகிதம். கோழி முட்டையிடற பெட்டியில விரிச்சுட்டேன்." துடைப்பத்தைக் கீழே வைத்தார். "சரி. நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்ட. ஆனா இந்த வேலியை நட்டது ரெண்டு பேர். என் புருஷன் ஒருத்தர். இன்னொருத்தன் அங்கே நிக்கிறான். எடுக்கப்போறேன்னு அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் எடுங்க."

எல்லோரும் பார்பாவைப் பார்த்தோம். முகமூடி போட்டவர்களும் பார்த்தார்கள்.

"ஷாரோவைக் கூட்டிட்டு வரேன்" என்று பார்பா திரும்பினார். துவைக்கும் அறைக்குள் ஷாரோ குரைப்பது கேட்டது.

"கூடாது பார்பா. நாடா கட்டின இடத்துல மிருகங்களை விடக்கூடாது. விதி."

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பிறகு தேடிப்பார்த்தேன். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் வரக்கூடாது என்றுதான் இருந்தது. மிருகத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

"அப்ப நீ சொல்லிடு. 'தேத்தா, யாகோவ் என்ன சொல்றார்னா'ன்னு..."

"பொண்ணு சொன்னது எனக்குக் காதுல விழுந்தாச்சு" என்றார் தேத்தா, யாரையும் பார்க்காமல். "இன்னும் ஒருத்தர் பாக்கி."

பார்பா தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். வேப்பங்காய் தின்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, உடைந்த தகடுகளுக்கு நேராக வந்து நின்றார். அந்த ஓட்டை வழியாக அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது. புயலடித்த நாளிலிருந்தே முடிந்திருக்கும், பார்க்கவில்லை.

"மாண்டா" என்றார்.

"என்ன?"

"ஸலோனித்தை எடுக்கப்போறாங்க."

"எந்த ஸலோனித்தை?"

பார்பா கொஞ்சம் யோசித்தார். "நம்ம ஸலோனித்தை" என்றார்.

"எதுக்கு?"

"உடைஞ்சு போச்சு. டாட்யானா பிள்ளையைக் கொண்டுவர மாட்டேங்கறா. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்."

"அது பியெலாவுக்கே தெரியும்." தேத்தா துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். "எடுக்கட்டும்." உள்ளே போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கடைசி ஜன்னலைச் சாத்தும்முன் தலையை நீட்டி, "முதல்லயே இப்படிச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார். அது பார்பாவுக்கா எனக்கா என்று தெரியவில்லை. எனக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆட்கள் மணலைக் கையாலேயே தோண்டி, தகடுகளை உடைக்காமல் தூக்கி, கெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டினார்கள். உடைந்த மூன்றுக்குத்தான் நேரம் பிடித்தது. கடைசித் தகடு வண்டியில் ஏறியபோது நாடா லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. விதிப்படி, எங்கள் நிறுவனத்தைச் சேராத ஓர் ஆய்வாளர் வந்து மண்ணை முட்டி போட்டுப் பார்த்து, இடம் சுத்தம் என்று சான்று எழுதிக் கொடுத்தார். அதைப் படமெடுத்து டாட்யானாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"புல்லையும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"கோழிக்கூட்டுப் பக்கம்?"

"அந்தப் பக்கமும் பார்த்தாங்க."

"சரி. அப்பாகிட்ட வரோம்னு சொல்லிடு. எத்தனை பேர்னு கேட்காம ஆட்டை வாங்கிடப் போறார்."

வாங்கிவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டாரிலையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லூசியா வெள்ளைக் கவுனில், தாத்தாவின் மடியில், அவருடைய தொப்பியைச் சப்பிக்கொண்டிருந்தாள். டாட்யானா அந்தத் தொப்பி எப்போது துவைத்தது என்று இரண்டு முறை கேட்டாள். பார்பாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் பேத்திக்குத் தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு செடியின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலி இருந்த இடத்தில் நீளமாக ஒரு பள்ளம் மட்டும் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், தேத்தா நல்ல உடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நல்ல உடை உடுத்திக்கொண்டு யாரும் மொச்சை உரிப்பதில்லை. காலையில் பார்பா ஷாரோவிடம், கறி மிச்சமாகிவிடும்போல் இருக்கிறது என்று சொல்லியிருந்தாராம். தேத்தா அதை அழைப்பாக எடுத்துக்கொண்டாரா இல்லையா என்பது அங்கே யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பள்ளத்தை அவரும் தாண்டவில்லை, நாங்களும் தாண்டவில்லை.

கடைசியில் பார்பா பேத்தியை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். தான் செய்த வைனில் ஒரு தம்ளர் ஊற்றி, பள்ளத்தின் விளிம்புவரை போய் நீட்டினார். தேத்தா மடியிலிருந்த மொச்சைத் தொலியை உதறிவிட்டு, எழுந்து வந்து வாங்கினார். ஒரு வாய் குடித்தார். வாயில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு விழுங்கினார்.

"பியெலா," என்றார், "புளிச்சுப் போச்சுடி."

டாரில் என்னிடம், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

பார்பா திரும்பி வந்து, தன் தம்ளரை எடுத்து முகர்ந்தார். குடித்துப் பார்த்தார். ஷாரோ மேஜைக்கு அடியில் எலும்போடு படுத்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"ஆமா மாண்டா," என்றார். "புளிச்சுத்தான் இருக்கு."

"அப்ப சரி" என்றார் தேத்தா. தம்ளரைக் காலி செய்துவிட்டு, பள்ளத்தைத் தாண்டி வந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

விடைபெறும்போது டாரில் கேட்டார், பழையதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை வரப்போகும் இரும்பு வேலிக்கு யாருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும் என்று. யாருக்கும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்றேன். இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. பார்பாவிடமும் தேத்தாவிடமும் தனித்தனியாக, எங்கள் மொழியில், வேலி என்ற சொல்லையே பயன்படுத்திச் சொன்னேன். தனித்தனியாகச் சொன்னாலும் இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"அவசரமில்லை."